பலகையும் ஆணியும் போதும்



நிக்காஹ் மஜ்லிஸில் பயான் நடக்கிறது. அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் கொடுத்தனுப்பியவற்றை ஆலிம் எண்ணிச் சொல்கிறார்: ஒரு போர்வை, ஒரு தோல் துருத்தி, இத்கிர் புல் அடைத்த தலையணை ஒன்று. சபை கண் கலங்குகிறது. அதே நேரத்தில் மண்டப வாசலில் நிற்கும் வண்டியிலிருந்து கட்டில், மெத்தை, மூன்று கதவு பீரோ, நிலைக்கண்ணாடி மேசை, சோபா செட் என ஒவ்வொன்றாக இறங்குகின்றன. இறக்குவோரும் பயானைக் கேட்டுக்கொண்டேதான் இறக்குகின்றனர்.

ரொக்கமாகக் கைக்கூலி வாங்குவது கூடாதென்று எத்தனையோ ஜமாஅத்துகள் தீர்மானம் எழுதிவிட்டன. ரொக்கம் முன்வாசலால் வெளியேறியது; சாமான் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் மகளுக்கு நீங்கள் செய்கிறீர்கள்" என்ற ஒரு வாக்கியம் போதுமாம், எல்லாம் ஹலாலாகிவிடுமாம்! பெண்ணைப் பெற்றவர் நகையை அடகு வைத்து வட்டி கட்டுகிறார். வட்டியின் தீமையை அவருடைய பேரப்பிள்ளைக்கு நாம் மதரஸாவில் ஓதிக் கொடுக்கிறோம்.

கடன்பட்டு வாங்கிய அந்தச் சாமான்தான் என்ன? பெரும்பாலும் மரத்தூளையும் சிராய்களையும் பசையிட்டு அழுத்திய பலகை. அதன்மேல் தேக்கின் ரேகை அச்சிட்ட தாள். விளிம்பில் தண்ணீர் இறங்கினால் ஊதிவிடும். ஒருமுறை கழன்ற திருகு மீண்டும் பிடிக்காது. வீடு மாறினால் பீரோ பாதி உயிரோடுதான் வந்து சேரும். சோபாவோ பல வீடுகளில் கடையில் சுற்றிக் கொடுத்த நெகிழித்தாளோடு அப்படியே கிடக்கிறது. குடும்பம் கீழே பாய் விரித்து அமர்ந்து சாப்பிடுகிறது.

நாம் இங்கே ஓர் இத்தாலியரைக் குறிப்பிட விரும்புகிறோம். என்ஸோ மாரி என்பது அவர் பெயர். 2020இல் மிலான் நகரில் காலமான புகழ்பெற்ற வடிவமைப்பாளர். 1974இல் அவர் மேசை, நாற்காலி, பெஞ்சு, கட்டில், புத்தக அலமாரி முதலான 19 சாமான்களின் வரைபடங்களை வெளியிட்டார். கடையில் கிடைக்கும் சாதாரணப் பைன் பலகை, ஆணி, சுத்தியல், ரம்பம், இவ்வளவுதான் தேவை. தபால் செலவை அனுப்பியவர் எவருக்கும் வரைபடம் இலவசம். தனக்காக எவரும் செய்துகொள்ளலாம். தொழிற்சாலைகளும் வணிகர்களும் மட்டும் செய்யக் கூடாது. மலிவு மட்டும் அவர் நோக்கமன்று. தன் கையால் ஒரு மேசையை அடித்து முடித்தவன், அடுத்த முறை கடையில் ஒரு மேசையைக் கண்டால் ஏமாற மாட்டான் என்பதே அவருடைய கணக்கு.

அந்த வரைபடங்கள் பின்னாளில் பெர்லினுக்கும் சென்றன. மாலி, நைஜர் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து லம்பெடூசா தீவு வழியாகத் தப்பி வந்த இளைஞர்கள், 'குகுலா' என்ற பட்டறையில் மாரியின் நாற்காலிகளைச் செய்து விற்றனர். வணிகர்களுக்கு மறுத்த அனுமதியை அவர்களுக்கு அவர் மனமுவந்து வழங்கினார். சில நாற்காலிகளில் அகதிப் படகுகளின் உடைந்த பலகைகளையும் சேர்த்திருந்தனர்.

பலகையும் ஆணியும் நமக்குப் புதியவையா? நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைக் குர்ஆன் (54:13) ஓரிடத்தில் கப்பல் என்றே சொல்லாமல், பலகைகளும் ஆணிகளும் உடையது என்று மட்டும் குறிப்பிடுகிறது. ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது. மஸ்ஜிதுந் நபவியின் முதல் மிம்பர் காட்டு மரத்தில் ஒரு தச்சர் செய்த மூன்று படிகள். நம் பிள்ளைகள் ஓதும் ரைஹால் பலகையைப் பாருங்கள்: பழைய முறையில் செய்ததென்றால் ஒரே பலகை, நடுவே கோத்து அறுத்தது, ஆணிகூட இல்லை, விரித்தால் நிற்கும், மடித்தால் சுவரோரம் ஒதுங்கும். பத்தமடையில் தாமிரபரணிக் கோரையை நெய்து, மணமக்கள் பெயரையும் பாயிலேயே இழைத்துக் கொடுப்போர் நம் லெப்பைக் குடும்பத்தார்தாம். அந்தப் பாய் ஊரெல்லாம் போகிறது. நம் சீர்வரிசையில் அதற்கு இடமில்லை.

இத்தாலியப் பைனை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை. அங்கே அது மலிவு. இங்கே மாம்பலகையும் சவுக்குக் கம்பும் மலிவு, வேம்பு கிடைத்தால் பூச்சிக்கும் ஓரளவு தாங்கும். முறையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மதரஸாவில் பிள்ளைகளுக்கு எழுதுபலகைகள் தேவைப்பட்டபோது, மூத்த மாணவர்கள் சரக்குப் பெட்டிப் பலகைகளைக் கொண்டே அடித்தார்கள். கற்றுக்கொண்டவை சில. நான்கு சட்டங்களைச் சதுரமாக அடித்தால் ஆடும். மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்துவிட்டால் அது முக்கோணமாகிவிடும், பிறகு நெளியாது. ஆணிகளை ஒரே ரேகையில் வரிசையாக இறக்கினால் பலகை பிளக்கும். சற்று விலக்கி விலக்கி அடிக்க வேண்டும். ஓரங்களை உப்புத்தாள் கொண்டு நன்றாகத் தேய்க்காவிட்டால் பிள்ளைகளின் கையில் சிராய் ஏறும். சரக்குத் தட்டுப் பலகை வாங்குவோர் அதன் முத்திரையைப் பார்க்கட்டும்: 'எச்.டி.' என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை இட்டது, அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

அழகை யார் ஹராமாக்கினார் என்று சிலர் 7:32ஆம் வசனத்தை எடுத்துக் காட்டுவார்கள். உண்மை, அழகு ஹராம் அன்று; நன்றாக இழைத்த மாம்பலகை அழகில் குறைந்ததுமன்று. நாம் எதிர்ப்பது அடுத்தவர் பணத்தில், அதுவும் கடன் பணத்தில் காட்டும் அழகை. வீட்டில் விரிப்பு எத்தனை வேண்டும் என்பதற்கு ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு கணக்கே இருக்கிறது: கணவனுக்கு, மனைவிக்கு, விருந்தினருக்கு என மூன்றை எண்ணிவிட்டு நான்காவதை ஷைத்தானின் பங்கில் எழுதுகிறது.

இதனால் தச்சர் பிழைப்பு போய்விடும் என்பதும் வீண் கவலை. கையில் ஒரு நல்ல வரைபடமும் பலகையும் இருந்து, ஆசாரி ஒருவருக்கு இரண்டு நாள் கூலி கொடுத்தால் அந்தப் பணம் உழைத்தவர் கைக்கே போகும்.

இன்னொன்றை மாப்பிள்ளை வீட்டாருக்கு வெளிப்படையாகவே சொல்கிறோம். மனைவிக்கு இருப்பிடமும் படுக்கையும் விரிப்பும் கணவனின் பொறுப்பு என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ ஃபிக்ஹு நூல்கள் இரண்டிலும் உள்ள சட்டம். மாமனாரின் பொறுப்பென்று எங்கும் இல்லை. ஆகவே நாள் குறிக்க ஜமாஅத்துக்கு வரும் இளைஞரிடம் நிர்வாகிகள் மஹர் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், கட்டில் தயாரா என்றும் கேட்கட்டும். இல்லையென்றால் மரக்கடைக்குப் போய்ப் பலகை வாங்கி வரட்டும். சுத்தியலை நாம் இரவல் தருகிறோம்.