நின்ற நேரத்துக்கும் வாடகை: தோல் பதனிடும் பகுதியில் மண் இயந்திர வேலை குறித்து எங்கள் நிலைப்பாடு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஜேசிபி, ஹிட்டாச்சி, லோடர் ஓட்டும் ஆபரேட்டர்களும், ஓரிரு வண்டி வைத்து வாடகைக்கு விடும் சிறு உரிமையாளர்களும் சேர்ந்தது எங்கள் சங்கம். பள்ளத்துக்குள் ஆள் நிற்கும்போதும், மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதபோதும் வண்டியை நிறுத்தும் உரிமை ஆபரேட்டருக்கு வேண்டும் என்கிறோம். அப்படி நின்ற நேரத்துக்கும் வாடகை கிடைக்க வேண்டும் என்கிறோம். வாடகை இல்லாத உரிமை ஏட்டோடு நின்றுவிடும்.

எங்கள் தொழில் மணிக்கணக்கில் ஓடுகிறது. இன்ஜினை அணைத்தால் மீட்டர் நிற்கும், மாதத் தவணை நிற்காது. அணைக்காமல் சும்மா ஓடவிட்டால், வேலை நடக்காத நேரத்துக்குப் பணம் கேட்கிறாயா என்று ஒப்பந்ததாரர் சண்டைக்கு வருவார். பள்ளத்துக்குள் இருப்பவர்கள் ஏறி வரும்வரை காத்திருப்பது, கரையைச் சரிவாக வெட்டுவது, மின்வாரிய ஆள் வந்து கேபிள் எங்கே போகிறது என்று காட்டும்வரை பொறுப்பது எல்லாமே இந்தக் கணக்கில் நட்டமாகிவிடுகின்றன. உயிரைக் காக்கும் ஒவ்வொரு வேலையையும் செய்பவனே தன் கைக்காசில் செய்ய வேண்டியிருக்கிறது. விபத்துகளின் வேரை நாங்கள் இங்கேதான் பார்க்கிறோம்.

ஆம்பூரிலோ மேல்விஷாரத்திலோ குறுகலான தெரு ஒன்றில் குழாய் பதிப்பதைப் பாருங்கள். வண்டி தெருவை அடைத்து நிற்கிறது. பக்கெட் பல்லில் மாட்டிய சங்கிலியில் சிமென்ட் குழாய் ஆடுகிறது. குழிக்குள் மூன்று பேர் குனிந்து மட்டம் பார்க்கிறார்கள். அள்ளிய மண் இடமில்லாமல் குழியின் விளிம்பிலேயே குவிந்து கிடக்கிறது. ஹிட்டாச்சியில் கேபின் இடப்பக்கம் இருப்பதால் வலப்பக்கத்தைப் பூம் மறைத்துவிடும். பின்னால் எடைக்கட்டை சுழலும் இடமும் கண்ணுக்குப் படாது. மேலே நிற்கும் ஹெல்பரின் கையசைவு ஒன்றை நம்பித்தான் ஆபரேட்டர் லீவரை நகர்த்துகிறார். அந்த ஹெல்பருக்கு ஒரு போன் வந்தால் போதும்.

1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது பக்கத்தைச் சரித்து வெட்ட வேண்டும், தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து தள்ளிக் கொட்ட வேண்டும் என்று தோண்டும் வேலைக்கான இந்தியத் தர நெறி ஐஎஸ் 3764 சொல்கிறது. பாலாற்றங்கரை ஊர்களில் இது இன்னும் முக்கியம். மேலே கெட்டியாகத் தெரியும் மண்ணுக்கு அடியில் ஆற்று மணல் இருக்கும். ஈரம் காய்ந்தால் அது எந்த எச்சரிக்கையும் தராமல் சரியும். ஏழரை டன் ஜேசிபி விளிம்பில் கால் ஊன்றி அதிர்ந்தால் சரிவு இன்னும் சீக்கிரம் வரும்.

ஆனால் எங்கள் பகுதிக்கே உரிய ஆபத்து மணலில் இல்லை. நூறாண்டுக்கும் மேலாகத் தோல் பதனிட்ட நிலம் இது. மூடப்பட்ட சுண்ணாம்புக் குழிகள், தூர்ந்த கழிவுத் தொட்டிகள், வரைபடத்தில் இல்லாத குழாய்கள் வீட்டுமனைகளுக்கு அடியிலும் கிடக்கின்றன. தோலிலிருந்து மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவில் அமிலம் கலந்தாலும், காற்றுப் படாமல் சேறு அழுகினாலும் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். காற்றைவிடக் கனமான அந்த வாயு குழியின் அடியிலேயே தங்கும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்து, வாடையே தெரியாமல் போகும். வாடை போய்விட்டதே என்று நம்பி இறங்குபவர் விழுகிறார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குகிறார். இறுகிய சேற்றின் மேலோட்டை உடைத்து அந்த வாயுவை வெளியே விடுவது பல நேரங்களில் எங்கள் பக்கெட்தான். பழைய தோல் தொழிற்சாலை மனை, கழிவுநீர்ப் பாதை, சுத்திகரிப்பு நிலையம் ஆகிய இடங்களில் வாயு அளக்கும் கருவி இல்லாமல் தோண்டக் கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். அங்கே எந்த ஆளும் குழிக்குள் இறங்கக் கூடாது. நீளக் கை உள்ள வண்டி வேண்டுமென்றால் அதைக் கொண்டு வரட்டும்.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று இடிந்த சுவருக்கும் மண் இயந்திரத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் அதே வகைச் சேற்றின் ஓரத்தில்தான் எங்கள் வண்டிகள் நிற்கின்றன. அதே ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான் எங்கள் குழிகளில் இறங்குகிறார்கள்.

கழிவு கிடக்கும் நிலத்தில் தோண்டும் வேலை இனி கூடும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. 2025 ஜனவரி 30 தீர்ப்பிலும், பாலாற்றுப் படுகையின் பாதிப்பைச் சரிசெய்வதைப் பற்றி உத்தரவுகள் உள்ளன. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையில் மட்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்திருக்கிறது. அதில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. நிலத்தைச் சுத்தம் செய்வதை மனதார வரவேற்கிறோம். எங்கள் பிள்ளைகளும் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஆனால் அந்தக் கழிவை அள்ளப் போவது திறந்த கேபினில், முகத்தில் துண்டு கட்டிய ஒரு ஆபரேட்டர் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டோம். மூடிய கேபின், வடிகட்டிய காற்று, வேலை முடிந்ததும் குளிக்க இடம், மருத்துவப் பரிசோதனை ஆகியவை டெண்டரிலேயே எழுதப்பட வேண்டும்.

செலவு கூடுமே என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வார்கள். கூடும்தான். அதனால்தான் காத்திருப்பு நேரம், முட்டு, தடுப்பு வேலி, சிக்னல் காட்டும் ஆள் ஆகிய செலவுகளை மாநகராட்சியும் பொதுப்பணித் துறையும் மதிப்பீட்டில் தனி இனமாகக் காட்ட வேண்டும் என்று கேட்கிறோம். தனி இனமாக இல்லாத செலவு கடைசியில் கூலியிலிருந்தும் உயிரிலிருந்தும்தான் பிடிக்கப்படுகிறது. விபத்து நடந்தால் முதல் தகவல் அறிக்கையில் ஆபரேட்டர் பெயரை மட்டும் போட்டு முடிப்பதையும் எதிர்க்கிறோம். முட்டு இல்லாமல் குழிக்குள் ஆளை இறக்கியவர் யார், அவசரப்படுத்தியவர் யார் என்றும் காவல்துறை விசாரிக்கட்டும்.

எங்கள் பக்கத்துக் கடமைகளும் உண்டு. உறுப்பினர் எவரும் லோடர் பக்கெட்டில் ஆளை ஏற்றக் கூடாது. பக்கெட் பல்லில் சங்கிலி மாட்டிக் குழாய் தூக்கக் கூடாது. தூக்குவதற்கென்று உள்ள கொக்கி வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ஹெல்பர் பையன் லீவரைப் பிடித்துப் பழகுவதுதான் இங்கே பயிற்சி என்று ஆகிவிட்டது. அதற்குப் பதிலாக முறையான பயிற்சியும் சான்றிதழும் பெற உரிமையாளர் பணம் கட்ட வேண்டும். பகலெல்லாம் ஓட்டியவரை இரவு ஷிப்டுக்கும் அனுப்பக் கூடாது. வண்டியை விட்டு இறங்கும் முன் பக்கெட் தரையில் இருக்க வேண்டும், சாவி சட்டைப்பையில் இருக்க வேண்டும். பூம் மின்கம்பியில் பட்டுவிட்டால், தீப்பிடித்தால் ஒழிய, மின்சாரம் துண்டிக்கப்படும் வரை கேபினை விட்டு இறங்கக் கூடாது. கீழே இருப்பவர்களும் வண்டியைத் தொடக் கூடாது.

இந்த அறிக்கை வெளியாகும் நாளிலிருந்து எங்கள் வாடகைச் சீட்டில் ‘பாதுகாப்புக்காக நிறுத்திய நேரம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்கு ஒப்பந்ததாரர் கையெழுத்துப் போடாத தளத்துக்கு வண்டி அனுப்ப மாட்டோம். சீட்டின் பின்பக்கத்தில் ‘குழிக்குள் ஆள் இருந்தால் பக்கெட் அசையாது’ என்பது தமிழிலும் உருதுவிலும் இந்தியிலும் வங்காள மொழியிலும் அச்சாகியிருக்கும். வேலை தொடங்கும் முன் அதை உரக்கப் படித்துக் காட்டுவது ஆபரேட்டரின் பொறுப்பு.