ஸ்கூல் ஆட்டோவும் துருப்பிடித்த பேரிங்கும்

 

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் சேற்றுத் தண்ணிக்குள் மூழ்கிய ஆட்டோக்கள் பல கராஜுகளில் இன்னும் பிரித்துப் போட்டபடி கிடக்கின்றன. அதில் எங்கள் பிள்ளைகளை ஏற்றும் ஸ்கூல் ஆட்டோக்களும் உண்டு. அதனால்தான் வாத்திமார் நாங்கள் இஞ்சின் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறோம்.

துருப்பிடித்த சாமானைத் துடைத்துத் திரும்பப் போடுவதா, புதிது வாங்குவதா? எல்லாம் புதிதாகப் போடு என்று சொல்வது லேசு. இரண்டு மாதம் ஓட்டமில்லாமல் இருப்பவரிடம் போய் அப்படிச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழையதைத் திருத்தித் திருத்தியே ஓட வைத்தவர்கள் நம்ம பாஸ்மார். அலுமினிய மூடியில் வெள்ளை பூத்திருந்தால் தேய்த்துப் போடலாம். சிலிண்டருக்குள் மெல்லிய துருக்கறை என்றால் ஹோன் பண்ணிப் பார்க்கலாம். நகத்தில் தட்டுப்படும் குழி என்றால் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடத்தான் வேண்டும்.

பேரிங் கதை வேறு. மண்ணெண்ணெயில் கழுவினால் அது பளபளக்கும், நம்மை ஏமாற்றும். குண்டு ஓடும் தடத்தில் குழி விழுந்தால் எந்தத் துணியாலும் அதைத் துடைக்க முடியாது. சுற்றச் சுற்றக் குழி பெரிதாகும், உலோகம் உரியும், ஒருநாள் இறுகிப் பிடிக்கும். சமதரை என்றால் தள்ளிக்கொண்டு போகலாம். நம்ம ரோடு அப்படியா? நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் அதைவிட ஏறக்குறைய 600 மீற்றர் கீழே. இறக்கத்தில் கியரைக் குறைத்து இஞ்சினைக் கொண்டுதானே வண்டியைப் பிடிக்கிறோம்? கியரில் இருக்கும்போது இஞ்சின் இறுகினால் பின் சில்லும் சேர்ந்து இறுகும். பின்னால் இருப்பது பிள்ளைகள்.

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைத்திருந்த ஈரத்தைக் கண்டுபிடித்த ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் சம்பவம் ஜும்ஆவில் பலமுறை கேட்டதுதான். பழைய பேரிங்கைப் போட்டுவிட்டுச் சொல்லாமல் இருப்பதும் அதே ஈரம்தான். பாஸ்மார் மனம் நோக வேண்டாம். பெரும்பாலும் மறைப்பது அவர்களல்ல. காசில்லாத சொந்தக்காரர்தான், “இப்போதைக்குப் போடுங்க பாஸ்” என்று கெஞ்சுகிறார்.

அந்தக் கெஞ்சலில் பெற்றோராகிய நமக்கும் பங்கில்லையா? ஆட்டோ ஓடாத மாதங்களுக்குக் காசு கொடுக்காமல் விட்டது நியாயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஆட்டோவில் போகும் பிள்ளைகளின் வீட்டார் சேர்ந்து அடுத்த மாதக் காசை முன்கூட்டியே கொடுத்தால் கிராங்க் பேரிங்கும் ஓயில் சீலும் வாங்கலாம். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்: கழற்றிய பழைய பேரிங்கை வீசாமல் கொண்டுவந்து காட்டட்டும். எங்கள் சாதாரண தரப் பிள்ளைகளுக்கும் அதை வகுப்பில் காட்ட ஆசை.