தேய்ந்த சக்கரம்

சென்ற மாதம் எம் இல்லத்துச் சமையலறைக்கு டைல்ஸ் பதித்தபோது, ஒன்பது டைல்கள் கோணலாக முறிந்தன. அதே தொகுதி எண்ணுள்ள பெட்டி கடையில் தீர்ந்துவிட்டது. வேறு தொகுதியின் நிறமோ ஒவ்வவில்லை. பிழை கொத்தனாருடையது அன்று. டைல் கட்டரின் சக்கரம் தேய்ந்திருந்தது. நாமும் அதைக் கவனியாதிருந்தோம்.

கையால் இயக்கும் டைல் கட்டர் டைலை அறுப்பதில்லை. மேற்பரப்பில் கீறலிட்டு, அதன் வழியே அழுத்தி முறிக்கிறது. ஆதலால் கீறல் ஒரே இழுப்பில் சீராக விழவேண்டும். இருமுறை கீறினால் விளிம்பு சிதறும்.

வாங்குவோர் முதலில் டைலை அளந்து கொள்க. 600 மில்லிமீட்டர் சதுர டைலை மூலைக்கு மூலை வெட்டுவதற்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் வெட்டு நீளம் வேண்டும். சக்கரம் ஓடும் தண்டு ஆட்டங்காணலாகாது. சக்கரம் டங்ஸ்டன் கார்பைடால் ஆனதாகவும், கழற்றி மாற்றத்தக்கதாகவும் இருத்தல் நலம். மாற்றுச் சக்கரத்தின் விட்டம், கனம், நடுத்துளை ஆகிய மூன்றும் கருவிக்குப் பொருந்துதல் அவசியம். கருங்கல் பலகைக்கு இக்கருவி உதவாது. அதற்கு வைரத்துகள் பதித்த மின்வட்டே தகும்.

வேலை தொடங்குமுன், கழிவுத் துண்டொன்றில் கீறிப் பாருங்கள், அன்பர்களே! சக்கரத்தின் விலை சிறிது. அயலூரில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய டைலின் விலை பெரிது.