யுத்த எதிர்ப்புக்கு மூன்றாவது அணி

2010 ஜனாதிபதித் தேர்தலில் யுத்தத்தை வழிநடத்திய மஹிந்த ராஜபக்ஷவும் இராணுவத் தளபதியாயிருந்த சரத் பொன்சேகாவுமே பிரதான வேட்பாளர்கள். யுத்தத்தை எதிர்த்தோருக்கு அவ்விரு அணிகளிலும் இடமிருக்கவில்லை. 1981 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் வன்செயலுக்கு இலக்கான இரத்தினபுரித் தோட்ட மக்களுக்கு இனப்பகையின் விலையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சிதறி வாழும் சிறுபான்மையினரால் யாது செய்யவியலும் எனக் கேட்போருக்கு 2012 சப்ரகமுவ மாகாண சபைத் தேர்தலே விடை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் 2 ஆசனங்களை வென்றது. ஆனால் அக்கட்சி மத்தியில் அரசின் பங்காளியாகவே இருந்தது. ஆசனம் கிடைத்தது, மாற்றுக் குரல் கிடைக்கவில்லை.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தமிழரும் முஸ்லிம்களும், யுத்தத்தை மறுக்கும் சிங்கள மக்களோடு கைகோத்து, எவ்வரசுக்கும் கட்டுப்படாத மூன்றாவது அணியொன்றைக் கட்டியெழுப்ப வேண்டும். யுத்த மேகங்கள் சூழ்ந்தபின் அதனைத் தேடுவதிற் பயனில்லை என்பதே எமது கருத்தாகும்.