ஜப்பான் நீதி: வெளிநாட்டவருக்கு மட்டுமா வேறு அளவுகோல்?

ஜப்பானில் பெருநிறுவனங்களை நடத்தும் வெளிநாட்டவர்களிடையே ஒரு மனக்குறை நீண்ட காலமாகவே உண்டு. முறைகேடு வெளிப்பட்டால் உள்நாட்டு நிர்வாகி கேமராக்களின் முன் தலைதாழ்த்தி வணங்கி, மன்னிப்புக் கேட்டு, பதவி விலகி வீட்டுக்குப் போகிறார். வெளிநாட்டு நிர்வாகியோ நேராகச் சிறைக்குப் போகிறார் என்பதே அது. 2015 ஜூனில் டொயோட்டாவின் உயர் அதிகாரியான அமெரிக்கர் ஜூலி ஹாம்ப், தடை செய்யப்பட்ட வலிநிவாரணி மாத்திரைகளை அஞ்சலில் வரவழைத்ததாகக் கைதானார். 20 நாள் காவலில் இருந்து, வழக்கே பதிவாகாமல் விடுவிக்கப்பட்டார். அதற்குள் வேலை போயிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மவுண்ட் காக்ஸ் பிட்காயின் சந்தையின் தலைவரான பிரெஞ்சுக்காரர் மார்க் கார்ப்பெலே கைதாகி, ஏறத்தாழ 11 மாதம் உள்ளே இருந்தார். 2019 மார்ச்சில் வந்த தீர்ப்பு, பணத்தைக் கையாடினார் என்ற முக்கியக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. கணினிப் பதிவுகளைத் திருத்திய குற்றத்துக்கு மட்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது.

இந்த மனக்குறையை உலகச் செய்தியாக்கியவர் கார்லோஸ் கோன். பிரேசிலில் பிறந்து, லெபனானில் வளர்ந்து, பிரான்ஸில் படித்தவர். 1999இல் திவாலின் விளிம்பில் இருந்த நிசானுக்கு ரெனோ நிறுவனம் அவரை அனுப்பியது. ஐந்து ஆலைகளை மூடி, 21,000 வேலைகளைக் குறைத்து நிறுவனத்தை மீட்டார். அவர் தலைமையேற்ற ரெனோ-நிசான் கூட்டணியின் ஆலைகளில் ஒன்றுதான் சென்னையை அடுத்த ஒரகடத்தில் 2010இல் திறக்கப்பட்டது. 2018 நவம்பர் 19 அன்று டோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்தில் வந்திறங்கியபோது அவர் கைது செய்யப்பட்டார். ஓய்வுக்குப் பின் பெற வேண்டிய பல நூறு கோடி யென் ஊதியத்தை ஆண்டறிக்கையில் காட்டாமல் மறைத்தார் என்பது முதல் குற்றச்சாட்டு.

அந்தக் கைதுக்குப் பின் நடந்தவைதான் பிரச்சினையின் மையம். மறைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது எட்டு நிதியாண்டுகளின் ஊதியம். அரசு வழக்கறிஞர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு கைது. காவல் நாள்கள் தீர்ந்ததும், டிசம்பர் 10 அன்று அடுத்த மூன்று ஆண்டுக்கு இன்னொரு கைது. டிசம்பர் 20 அன்று, இனியும் காவலை நீட்டிக்க முடியாது என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் மறுத்தது. ஜப்பானில் இது அரிதினும் அரிது. மறுநாளே, நிறுவனத்துக்கு நம்பிக்கைத் துரோகம் செய்தார் என்ற புதிய குற்றச்சாட்டில் மூன்றாம் கைது நடந்தது. 108 நாளுக்குப் பின், 2019 மார்ச் 6 அன்று 100 கோடி யென் ஜாமீனில் வெளிவந்தார். ஏப்ரல் 11 அன்று செய்தியாளர்களைச் சந்திக்கப்போவதாக அறிவித்தார். ஏப்ரல் 4 அன்று நான்காம் முறை கைதானார். இரண்டாவது ஜாமீனில், நீதிமன்ற அனுமதியின்றி மனைவியோடு பேசக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

இதில் எதுவும் சட்டத்தை மீறிய செயல் அல்ல. ஜப்பானியக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, போலீஸ் கைது செய்த ஒருவரைக் காவலில் வைக்க 72 மணி நேரத்துக்குள் நீதிபதியிடம் அனுமதி கேட்க வேண்டும். பிறகு நீதிபதி 10 நாளும், மேலும் 10 நாளும் காவல் கொடுக்கலாம். மொத்தம் 23 நாள். குற்றச்சாட்டு பதிவாகும்வரை ஜாமீன் கேட்கும் உரிமையே கிடையாது. விசாரணை அறையில் வழக்கறிஞர் உடனிருக்க முடியாது. பேசாமலிருக்கும் உரிமை அரசியல் சாசனத்தில் இருக்கிறது. ஆனால் பேசாதவரையும் நாள் முழுக்க உட்காரவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கலாம். 23 நாள் முடிந்தால் வேறு குற்றச்சாட்டில் மறுபடி கைது செய்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். வழக்கு பதிவான பிறகும், சாட்சியங்களை அழிக்கக்கூடும் என்று சந்தேகிக்கக் காரணமிருந்தால் ஜாமீனை மறுக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர் சாட்சியத்தை அழிப்பார் என்று கருதும் வழக்கம் நீதிமன்றங்களில் ஊறிப்போயிருக்கிறது. ஒப்புக்கொண்டவர் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார். மறுப்பவர் உள்ளேயே இருக்கிறார். ஜப்பானிய வழக்கறிஞர்களே இதற்கு ‘பணயக்கைதி நீதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் இந்தப் பொறி வெளிநாட்டவருக்காக வைக்கப்பட்டதா? உள்நாட்டு வழக்குகளைப் பார்த்தால் இல்லை என்றே சொல்ல வேண்டும். நலத்துறை அமைச்சகத்தின் மூத்த அதிகாரி அத்சுகோ முராகி 2009இல் கைதாகி 164 நாள் காவலில் இருந்தார். ஒசாகா அரசு வழக்கறிஞர் ஒருவரே ஆதாரமான ஃபிளாப்பி டிஸ்க்கின் தேதியைத் திருத்தியது பின்னர் அம்பலமானது. முராகி விடுதலையானார், திருத்தியவர் சிறைக்குப் போனார். அன்று முராகிக்காக வாதாடிய ஜூனிச்சிரோ ஹிரோநாகாதான் பின்னாளில் கோனை ஜாமீனில் எடுத்தவர். வீடு, மனை வணிகத்தில் பெரிய நிறுவனமான பிரெசான்ஸின் தலைவர் சினோபு யமாகிஷி 2019 டிசம்பரில் கைதாகி 248 நாள் உள்ளே இருந்தார். அவருடைய ஊழியரை விசாரித்த அரசு வழக்கறிஞர் மேசையைத் தட்டிக் கூச்சலிட்டது ஒலி, ஒளிப்பதிவில் பதிவாகியிருந்தது. 2021இல் யமாகிஷி விடுதலையானபோது, அவர் நிறுவிய கம்பெனி அவர் கையில் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் லஞ்ச வழக்கில் சிக்கிய பதிப்பக அதிபர் கதோகாவா, அப்போது எண்பது வயதை நெருங்கிய நோயாளி. அவருக்கும் 226 நாள்.

இவற்றில் மிகக் கொடியது யோகோஹாமாவின் ஓகவாரா காகோக்கி வழக்கு. திரவத்தைப் பொடியாக்கும் இயந்திரம் செய்யும் சிறிய நிறுவனம் அது. அந்த இயந்திரம் உயிரி ஆயுதம் தயாரிக்கப் பயன்படலாம் என்றும், அனுமதியின்றி அதைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள் என்றும் சொல்லி, 2020 மார்ச்சில் தலைவர் உட்பட மூவரைப் போலீஸ் கைது செய்தது. மூவரும் குற்றத்தை மறுத்தார்கள். எனவே மூவரும் உள்ளேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆலோசகருக்குக் காவலில் இருக்கும்போதே இரைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. எட்டு முறை ஜாமீன் கேட்டும் கிடைக்கவில்லை. 2021 பிப்ரவரியில், 72 வயதில், குற்றம் சாட்டப்பட்டவராகவே அவர் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில், வழக்கு விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், அரசுத் தரப்பே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நிறுவனம் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கில், அது ‘இட்டுக்கட்டிய வழக்கு’ என்று புலனாய்வுத் துறைப் போலீஸ்காரர் ஒருவரே சாட்சியம் சொன்னார். டோக்கியோ உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் 16 கோடி யென்னுக்கு மேல் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. போலீஸும் அரசு வழக்கறிஞர்களும் மேல்முறையீடு செய்யவில்லை, மன்னிப்புக் கேட்டார்கள். இந்த வழக்கோடு ஒப்பிட்டால், கோன் மென்மையாகவே நடத்தப்பட்டார் என்று படும்.

ஆக, கைதுக்குப் பின் நடத்தப்படும் விதத்தில் பாரபட்சம் பெரிதாக இல்லை. யாரைக் கைது செய்வது என்ற தேர்வில்தான் கேள்வி எழுகிறது. 2015இல் தோஷிபா, ஏழு ஆண்டுகளாக லாபத்தை 15,000 கோடி யென்னுக்கு மேல் கூட்டிக் காட்டியதாக அதன் விசாரணைக் குழுவே சொன்னது. முன்னாள், இந்நாள் தலைவர்கள் மூவர் தலைதாழ்த்திப் பதவி விலகினார்கள். நிறுவனம் அபராதம் கட்டியது. ஒருவர்கூடக் கைதாகவில்லை. ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் டெப்கோ மின் நிறுவனத் தலைவர்கள் மீது வழக்குத் தொடுக்க அரசு வழக்கறிஞர்கள் மறுத்தார்கள். குடிமக்கள் அடங்கிய மறுஆய்வுக் குழு கட்டாயப்படுத்தியதால்தான் வழக்கு நடந்தது, அதுவும் விடுதலையில் முடிந்தது. வழக்குத் தொடுப்பதா, விடுவதா என்பதை முடிவுசெய்யும் அதிகாரத்தைச் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 248ஆம் பிரிவு அரசு வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறது. ஒருவரை ஏன் விட்டோம் என்று அவர் பொதுவெளியில் விளக்க வேண்டியதில்லை.

நிசான் வழக்கிலேயே இது பளிச்சென்று தெரிகிறது. கோனோடு அதே நாளில் கைதானவர் கிரெக் கெல்லி என்ற அமெரிக்க வழக்கறிஞர். நிர்வாகக் குழுக் கூட்டம் என்று சொல்லி, அமெரிக்காவிலிருந்து அவரை நிசான் வரவழைத்திருந்தது. 2022 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது, எட்டில் ஏழு ஆண்டுகளுக்கான குற்றச்சாட்டிலிருந்து கெல்லி விடுவிக்கப்பட்டார். அரசுத் தரப்போடு உடன்பாடு செய்துகொண்ட நிசான் அதிகாரியின் சாட்சியத்தை அப்படியே நம்புவதற்கில்லை என்றது நீதிமன்றம். மிஞ்சிய ஒரு நிதியாண்டு 2017. அதற்கு ஆறு மாதத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஆண்டு அறிக்கை தாக்கலானபோது நிசானின் தலைமைச் செயல் அதிகாரி ஹிரோத்தோ சைகாவா. அவர் மீது வழக்கில்லை. வேறொரு ஊதிய விவகாரத்தில், விதியை மீறிக் கூடுதல் பணம் பெற்றது தெரியவந்து, 2019 செப்டம்பரில் அவர் பதவி விலகினார். அவ்வளவுதான். இதே ஊதிய மறைப்பை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமும் விசாரித்தது. கோன் 10 லட்சம் டாலர், நிசான் 1.5 கோடி டாலர், கெல்லி ஒரு லட்சம் டாலர் என்று அபராதம் கட்டியதோடு அங்கே விவகாரம் 2019லேயே முடிந்துவிட்டது.

ஆனாலும் இந்தத் தேர்வுக்கு நிறவெறி என்றோ, அயலார் வெறுப்பு என்றோ பெயர் சூட்டிவிட முடியாது. அரசுத் தரப்போடு உடன்பாடு செய்துகொண்டு வழக்கிலிருந்து தப்பிய இருவரில் ஒருவர் மலேசியாவில் பிறந்த ஹரி நாடா. மறுபுறம், 2006இல் கைதான லைவ்டோர் இணைய நிறுவனத்தின் நிறுவனர் தகாஃபுமி ஹோரியே, சுமார் 500 கோடி யென் கணக்கு முறைகேட்டுக்காக இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். டி-சர்ட் அணிந்து, பழைய நிறுவனங்களை விலைபேசிய இளைஞர் அவர். அப்போது நூற்றாண்டை நெருங்கியிருந்த கேமரா நிறுவனமான ஒலிம்பஸில் 10,000 கோடி யென்னுக்கு மேல் நஷ்டத்தை மறைத்த தலைவர்களுக்கோ 2013இல் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. ஹோரியேயும் ஜப்பானியர்தான், ஒலிம்பஸ் தலைவர்களும் ஜப்பானியர்தான். வித்தியாசம் கடவுச்சீட்டில் இல்லை. நிறுவன உலகத்தின் உள்வட்டத்தைச் சேர்ந்தவரா, வந்தேறியா என்பதில் இருக்கிறது. வெளிநாட்டு நிர்வாகி எப்போதும் வந்தேறிதான். ஹோரியே வழக்கின்போது டோக்கியோ அரசு வழக்கறிஞர்களின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவின் தலைவராக இருந்த மோத்தோனாரி ஓத்சுரு, ஓய்வுபெற்றபின் கோனின் முதல் வழக்கறிஞராக வந்தார். அவராலும் கோனைச் சீக்கிரம் வெளியே எடுக்க முடியவில்லை.

அயல்நாட்டவர் என்பதே சுமையாகும் இடம் ஒன்று உண்டு. ஆனால் அங்கே நிற்பவர்கள் நிர்வாகிகள் அல்லர். 1997இல் கொலைப் பழியில் கைதான நேபாளத் தொழிலாளி ஒருவரை 2000 ஏப்ரலில் மாவட்ட நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தது. விசா காலாவதியாகியிருந்ததால் நாடு கடத்தப்பட்டுவிடுவார் என்று காரணம் காட்டி, மேல்முறையீடு முடியும்வரை அவர் மீண்டும் காவலில் வைக்கப்பட்டார். உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மரபணுச் சோதனைக்குப் பின் 2012இல்தான் மறுவிசாரணையில் விடுதலையானார். 15 ஆண்டு போயிற்று. உலக ஊடகங்கள் கோனுக்குத் தந்த இடத்தில் சிறு பங்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை. நிரந்தர முகவரி இல்லாமை, தப்பிவிடுவார் என்ற அச்சம், மொழிபெயர்ப்பாளரை நம்பியே நிற்க வேண்டிய நிலை ஆகியவை பணமில்லாத வெளிநாட்டவரைத்தான் அதிகம் தாக்குகின்றன.

ஜப்பான் அரசின் தரப்பிலும் வாதம் உண்டு. 99 சதவீதத்துக்கு மேல் தண்டனை என்ற புள்ளிவிவரத்தைக் கேட்டு உலகம் அதிர்கிறது. அரசு வழக்கறிஞர்கள் தங்களிடம் வரும் வழக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டுமே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தோற்கக்கூடிய வழக்கை முன்பே கழித்துவிடுகிறார்கள். இது உண்மை. ஆனால் அதன் விளைவு, உண்மையான தீர்ப்பு அரசு வழக்கறிஞரின் மேசையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்பதுதான். கோனுக்காகக் கண்ணீர் விடவும் காரணம் குறைவு. நிசான் ஊதியத்தை மறைத்தது என்பதைக் கெல்லி வழக்கின் தீர்ப்பே ஏற்றது. 2022இல் பிரான்ஸும் அவர் மீது தனியாகக் கைது ஆணை பிறப்பித்தது. தன் வாதத்தை நீதிமன்றத்தில் சொல்லாமல், 2019 டிசம்பர் 29 இரவு, இசைக்கருவிகள் எடுத்துச்செல்லும் பெட்டிக்குள் ஒளிந்து கன்சாய் விமான நிலையம் வழியாகத் தப்பிப் பெய்ரூட் போய்ச் சேர்ந்தவர் அவர். அப்போது நீதி அமைச்சராக இருந்த மசாகோ மோரி, கோன் நீதிமன்றத்தில் தன் ‘குற்றமின்மையை நிரூபிக்க’ வேண்டும் என்றார். நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு அல்லவா என்ற விமர்சனம் எழுந்ததும், வாய்தவறிச் சொன்னதாகத் திருத்திக்கொண்டார். அந்த நாவு தவறியதாகத் தோன்றவில்லை; நடைமுறையை அது சரியாகவே சொன்னது. 2020 நவம்பரில் ஐ.நா.வின் காரணமற்ற காவல் குறித்த பணிக்குழு, கோனின் காவல் நியாயமற்றது என்று கருத்துச் சொன்னது. ஏற்க முடியாது என்றது டோக்கியோ.

மாற்றங்கள் சில வந்திருக்கின்றன. சிறப்புப் புலனாய்வுப் பிரிவு கைது செய்வோரின் விசாரணையை 2019 ஜூன் முதல் ஒலி, ஒளிப்பதிவு செய்வது கட்டாயம். ஆனால் ஜப்பானின் பெரும்பாலான குற்ற வழக்குகள் இந்த விதிக்கு வெளியே நிற்கின்றன. கோன் தப்பியோடியதன் தாக்கத்தில், 2023இல் நாடாளுமன்றம் ஜாமீன் விதிகளைத் திருத்தியது. வெளிநாட்டுக்குத் தப்பக்கூடியவர்களுக்கு ஜிபிஎஸ் கருவி மாட்டவும், ஜாமீனில் வந்து நீதிமன்றத்துக்கு வராதவர்களைத் தண்டிக்கவும் அந்தத் திருத்தம் வழிசெய்தது. விசாரணை அறையில் வழக்கறிஞர் உடனிருக்கும் உரிமை அதில் இல்லை. ஜப்பானியருக்கும் அது கிடைக்கவில்லை, வெளிநாட்டவருக்கும் கிடைக்கவில்லை.