உடனடி அனுமதி மட்டும் போதுமா?

சொந்த வீடு கட்டும் நடுத்தரக் குடும்பங்களை நெடுங்காலம் அலைக்கழித்து வந்தது கட்டட வரைபட அனுமதி. அந்த அலைச்சலைப் பெருமளவு குறைத்தது, தமிழக அரசு 2024 ஜூலை 22-ஆம் தேதி தொடங்கிவைத்த சுயசான்று முறை. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களைப் பதிவேற்றி, உறுதிமொழி அளித்து, கட்டணம் செலுத்தினால் உடனடியாக அனுமதி கிடைத்துவிடுகிறது. கள ஆய்வுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பணி நிறைவுச் சான்றிலிருந்தும் விலக்கு உண்டு.

இது வரவேற்கத்தக்க சீர்திருத்தம். தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. கோப்பு மேசை மேசையாக நகரும் மாதங்களில், வீடு கட்டுபவர் ஒருபுறம் வாடகையும் மறுபுறம் நகைக்கடன் வட்டியும் செலுத்துகிறார். சிமென்ட், கம்பி விலையேற்றமும் அவர் தலையில்தான் விழுகிறது. கையூட்டு விளையும் நிலமும் இந்தக் காத்திருப்புதான்.

ஆனால், அனுமதியும் ஆய்வும் வெவ்வேறானவை. மனை யாருடையது, சுற்றிலும் எவ்வளவு இடம் விடப்பட்டுள்ளது என்பவை அனுமதி எழுப்பும் கேள்விகள். கட்டப்படும் வீடு உறுதியானதா என்பது ஆய்வு எழுப்ப வேண்டிய கேள்வி. முதலாவதை எளிமைப்படுத்திய அரசு, சிறிய வீடுகளைப் பொருத்தவரை இரண்டாவதிலிருந்து ஏறக்குறைய விலகிக்கொண்டது. அதன் விளைவை முத்துக்குளித்துறை எனப்படும் எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில் தெளிவாகக் காணலாம்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கான்கிரீட் விதித்தொகுப்பு (ஐ.எஸ். 456:2000), சுற்றுச்சூழலின் கடுமைக்கேற்பக் கட்டடங்களை வகைப்படுத்துகிறது. மிதமான சூழலில் எம்-20 தரமும், கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் உறையும் போதும். கடற்கரைச் சூழலுக்கு ஆட்படும் கான்கிரீட்டுக்கோ குறைந்தபட்சம் எம்-30 தரம், ஒரு கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், 45 மில்லிமீட்டர் உறை வேண்டும். தண்ணீரின் எடை சிமென்ட்டின் எடையில் 0.45 பங்கைத் தாண்டக் கூடாது. கம்பி சேர்ந்த கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலும் கூடாது.

நடைமுறை என்ன? ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு இத்தனை பெட்டி மணல், இத்தனை பெட்டி ஜல்லி என்ற கணக்கில்தான் சிறிய வீடுகளுக்குக் கான்கிரீட் கலக்கப்படுகிறது. இவ்வாறு பெட்டி அளவில் கலப்பதை அதிகபட்சம் எம்-20 தரம் வரை மட்டுமே அதே விதித்தொகுப்பு அனுமதிக்கிறது. உப்பளங்கள் சூழ்ந்த இந்தப் பகுதியில், ஆழ்துளைக் கிணற்றில் கிடைக்கும் உவர்நீரே பல இடங்களில் கலவைக்கும் போகிறது, கான்கிரீட்டை நனைக்கவும் ஊற்றப்படுகிறது. கம்பிக்கு அடியில் வைக்க வேண்டிய கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டுகள் வைக்கப்படுவதையும் கண்டிருக்கிறேன்.

இந்தக் குறைகள் வீடு குடிபுகும் நாளில் கண்ணுக்குத் தெரிவதில்லை. உப்பு மெல்ல உட்புகுந்து கம்பியை அடைகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கிறது. சில ஆண்டுகளில் கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து விழத் தொடங்குகிறது. ஒரு காலத்தில் இந்தக் கரையில் பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வீடு கட்டினர். அச்சுவர்களில் இரும்பு இல்லாததால் உப்பு அரிக்க ஒன்றுமில்லை. ஆனால், பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததற்குக் கடல் கொடுத்த விலை பெரிது. மன்னார் வளைகுடாத் தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் மூழ்கிப்போயின. பவளப்பாறைகள் இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. பழைய முறைக்கு இனித் திரும்ப முடியாது. எனவே, கம்பியையும் கான்கிரீட்டையும் சரியாகக் கையாள்வதைத் தவிர வேறு வழியில்லை.

'தன் வீட்டைத் தான் கட்டுபவர் கவனமாகக் கட்டமாட்டாரா' என்று கேட்கலாம். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இதற்கு என் விடை: கவனம் இருந்தாலும் தகவல் இல்லை. வாங்குபவரால் தரத்தை அறிய முடியாத சந்தையில் தரக்குறைவான பொருளே தரமான பொருளை வெளியேற்றும் என்று 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகெர்லோஃப். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். உறையின் கனத்தையும் நீரின் உப்பையும் வீட்டுக்காரரால் அளக்க முடியாதபோது, சதுர அடிக்குக் குறைந்த கூலி கேட்பவருக்கே வேலை போகிறது. முறையாகச் செய்யும் மேஸ்திரி போட்டியில் தோற்கிறார். மீனவரும் உப்பளத் தொழிலாளியும் துறைமுகச் சுமைத் தொழிலாளியும் ஆயுளில் ஒருமுறை செய்யும் முதலீடு இப்படித்தான் அரிக்கப்படுகிறது.

அப்படியானால் பழைய ஆய்வாளர் ஆட்சிக்கே திரும்புவதா? வேண்டாம். ஆய்வை வேறு விதமாக அமைக்க முடியும் என்பதற்கு குஜராத்தில் சான்று உள்ளது. அங்கு தொழிற்சாலைகளின் மாசு அளவைத் தணிக்கை செய்பவரைத் தொழிற்சாலையே தேர்ந்தெடுத்துக் கட்டணமும் கொடுத்து வந்தது. அறிக்கைகள் பெரும்பாலும் 'வரம்புக்குள் உள்ளது' என்றே வந்தன. எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயான் ஆகியோர், குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் இணைந்து 2009-இல் ஒரு பரிசோதனையைத் தொடங்கினர். தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினர், பொது நிதியிலிருந்து ஊதியம் வழங்கினர், அறிக்கைகளில் சிலவற்றை மறு ஆய்வுக்கு உட்படுத்தினர். அறிக்கைகள் உண்மை பேசத் தொடங்கின. தொழிற்சாலைகள் வெளியேற்றிய மாசும் குறைந்தது. தேர்வு செய்பவரும் பணம் கொடுப்பவரும் ஆய்வுக்கு உள்ளாகுபவரும் ஒருவராகவே இருக்கக் கூடாது என்பதே அதன் பாடம்.

அந்தப் பாடத்தை வீடு கட்டுமானத்துக்கும் பொருத்தலாம். உடனடி அனுமதி அப்படியே தொடரட்டும். அதனுடன் இரண்டு கள ஆய்வுகள் சேரட்டும்: ஒன்று அடித்தளத்துக்குக் கான்கிரீட் இடும் முன்பு, மற்றொன்று கூரைக்குக் கம்பி கட்டி முடித்த பின்பு. இவ்விரு தருணங்களைத் தவறவிட்டால், உள்ளே இருப்பதை உடைக்காமல் பார்க்க இயலாது. பதிவு பெற்ற பொறியாளர்களை இணையதளமே குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும். அனுமதிக் கட்டணத்தின் ஒரு பகுதியிலிருந்து அவர்களுக்கு ஊதியம் வழங்கலாம். குறித்த நாள்களுக்குள் ஆய்வாளர் வரவில்லையெனில் பணியைத் தொடரலாம் என்ற விதியும் வேண்டும். இல்லையெனில் காத்திருப்பும் கையூட்டும் புதிய உருவில் திரும்பிவிடும். அறிக்கைகளில் சிலவற்றை மறு ஆய்வு செய்வதும் கட்டாயம்.

கடலோர மாவட்டங்களுக்கு இன்னொன்றும் தேவை. எம்-30 தரமும் 45 மில்லிமீட்டர் உறையும் நீர்ப் பரிசோதனையும் அனுமதி ஆணையிலேயே எளிய தமிழில் அச்சிடப்பட வேண்டும். நீரையும் கான்கிரீட் கட்டிகளையும் குறைந்த கட்டணத்தில் சோதித்துத் தரும் பொறுப்பை இங்குள்ள பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளிடம் அரசு ஒப்படைக்கலாம். மேஸ்திரிகளுக்கும் கம்பி கட்டுவோருக்கும் அங்கேயே குறுகிய காலப் பயிற்சி அளிக்கலாம்.

இதனால் வீட்டின் செலவு சற்றுக் கூடும் என்பது உண்மையே. ஆனால், பெயர்ந்த கூரையைச் செப்பனிடும் செலவு அதைவிடப் பன்மடங்கு. அந்தச் செலவு வரும்போது வீட்டுக் கடனே முடிந்திருக்காது. குடிமக்களின் உறுதிமொழியை நம்பி அனுமதி வழங்க அரசு முன்வந்திருக்கிறது. அவர்கள் கட்டும் கூரை நிலைக்கும் என்ற உறுதியை அவர்களுக்கு அளிப்பதும் அரசின் கடமை.