பெருமூச்சுப் பாலத்தின் மறுபக்கம்

மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சில சொற்கள் தீராத தலைவலி. அமெரிக்கச் செய்திகளில் வரும் ‘கவுண்டி’ அவற்றில் ஒன்று. ‘மாவட்டம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் நம் மாவட்டத்துக்குக் கலெக்டர் மேலிருந்து வருகிறார். பென்சில்வேனியாவின் கவுண்டிகளிலோ நீதிபதியையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நீதிமன்றம் அங்கே ஊர்ச் சொத்து.

அந்த மாநிலத்தின் அலெகேனி கவுண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைநகர் பிட்ஸ்பர்க். நம்மவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் வெங்கடேஸ்வரர் கோயில் நினைவுக்கு வரும். கட்டடக்கலை மாணவர்களுக்கோ முதலில் நினைவுக்கு வருவது அதன் நீதிமன்றம்.

1788இல் உருவான இந்தக் கவுண்டி மூன்று நீதிமன்றங்களைக் கண்டிருக்கிறது. முதலாவது, சந்தைச் சதுக்கத்தில் இருந்த கட்டடம். இரண்டாவதை 1840களின் தொடக்கத்தில் கிரேக்கப் பாணியில், தூண்களும் குவிமாடமுமாக ஒரு மேட்டின் மேல் எழுப்பினார்கள். 1882 மே மாதம் அது தீக்கிரையானது.

மூன்றாவதற்கு ஐந்து கட்டடக் கலைஞர்களிடம் வரைபடம் கேட்டார்கள். வென்றவர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன். உடல் நலம் குன்றியிருந்த அவர், தன் வாழ்நாளின் சிறந்த படைப்பாக இதையே கருதினார். முழுமையாகப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1886இல், 47 வயதில், சிறுநீரக நோயால் இறந்தார். அவரிடம் பணியாற்றியவர்கள் 1888இல் வேலையை முடித்தார்கள்.

மீண்டும் தீ தின்ன முடியாதபடி கருங்கல்லில் கட்டிய கட்டடம் அது. கற்களைச் செதுக்கி மழுப்பாமல் முரடாகவே விட்டார்கள். நடுவே திறந்த முற்றம், நம் பழைய வீடுகளைப் போல. அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் அங்கிருந்து வந்தன. இரும்பாலைப் புகை கவிந்த நகரம் என்பதால், உயரத்தில் உள்ள சுத்தமான காற்றை உள்ளே இழுக்க முன்கோபுரத்தைப் பயன்படுத்தினார் ரிச்சர்ட்சன். அழகுக்கு நிற்பதாகத் தோன்றும் கோபுரத்துக்கும் ஒரு வேலை இருந்தது.

பின்தெருவுக்கு அப்பால் சிறைச்சாலை. இரண்டையும் இணைக்க, தெருவின் குறுக்கே ஒரு கல் பாலம். வெனிஸ் நகரத்துப் பாலத்தை நினைவூட்டுவதால் இதற்கும் ‘பெருமூச்சுப் பாலம்’ என்று பெயர். தீர்ப்பைக் கேட்ட கைதி தெருவில் கால் வைக்காமலே சிறைக்குப் போய்விடலாம்.

இருபதாம் நூற்றாண்டு இந்தக் கட்டடத்தைச் சும்மா விடவில்லை. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 1913 வாக்கில் நகராட்சி மேட்டை வெட்டித் தெருவைத் தாழ்த்தியது. வாசல்கள் அந்தரத்தில் நின்றன. படிக்கட்டு கட்டினார்கள். பிறகு தெருவை அகலப்படுத்தியபோது அதுவும் போயிற்று. நிலவறையாக இருந்த தளம் நுழைவாயில் ஆனது. கம்பீரமாக ஏறிப் போக வேண்டிய இடத்துக்குள் மக்கள் இன்று அடித்தளத்தின் வழியாக நுழைகிறார்கள்.

1995இல் சிறை புதிய இடத்துக்கு மாறியது. காலியான கட்டடத்தை இடித்துவிடாமல், உள்ளே மாற்றி அமைத்து, 2000ஆம் ஆண்டில் குடும்ப நீதிமன்றமாகத் திறந்தார்கள். பழமையைக் காத்த முன்மாதிரி என்று பாராட்டு கிடைத்தது. நியாயமான பாராட்டுதான். அந்தக் கல்லை இடித்திருந்தால் அது பெரும் இழப்பு.

ஆனாலும் என் மனம் ஓரிடத்தில் இடறுகிறது. குடும்ப நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் குற்றவாளிகள் அல்ல. பிரிந்துபோகும் கணவனும் மனைவியும், யாரோடு வாழ்வது என்று தெரியாத குழந்தையும் வருகிறார்கள். சிறையின் சில அறைகளைக் காட்சிக்காக அப்படியே வைத்திருக்கிறார்கள். மதில் இன்னும் மதிலாகவே நிற்கிறது. அண்ணாந்து பார்க்கும் குழந்தைக்கு அது என்ன சொல்லும்?

ரிச்சர்ட்சனிடமே இதற்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பவர் மூச்சுவிட வேண்டும் என்று யோசித்த பிறகே அவர் கோபுரத்தை உயர்த்தினார். பழைய கட்டடத்தைக் காப்பாற்றுகிறவர்கள் கல்லோடு அந்த அக்கறையையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும். காத்திருப்பவருக்கு ஒரு நாற்காலி, கொஞ்சம் வெளிச்சம், அழும் குழந்தையை அழைத்துப் போக ஓர் அறை. இவை வரைபடத்தில் சிறியவைதான். வழக்கோடு வருகிறவருக்கு நீதிமன்றம் என்பதே இவைதான்.